எழுதும் பிள்ளை எந்த லயத்துப் பிள்ளை?

(சங்கத்தின் கல்விக் குழு ஹட்டனில் நடத்திய பெற்றோர் – மாணவர் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பாடசாலைப் பத்திரிகையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சம்பளம் பேசுகிற இடத்தில் இதென்ன பேச்சு என்று பின்னால் ஓர் அண்ணன் கேட்டது என் காதிலும் விழுந்தது. சம்பளமும் வரும் அண்ணே, கொஞ்சம் பொறுங்கள்.

நமது பகுதியில் பல பாடசாலைகளில் இன்று ஊடகக் கழகம் இருக்கிறது. சுவர்ப் பத்திரிகை போடுகிறார்கள், ஆண்டு மலர் வருகிறது, கைத்தொலைபேசியில் படம் பிடித்துச் செய்தி வாசிக்கிறார்கள். தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் சாதாரண தரத்திலேயே ஒரு பாடமாக இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தச் சுவர்ப் பத்திரிகையின் அடியில் இருக்கும் பெயர்களை ஒரு நாள் நின்று வாசித்துப் பாருங்கள். நான் படிப்பித்த இடங்களில் தவணைக்குத் தவணை அதே நாலைந்து பெயர்தான். கையெழுத்து அழகான பிள்ளை, டவுனில் வீடுள்ள பிள்ளை, ஆசிரியரின் பிள்ளை, பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளை. கீழ் டிவிசனிலிருந்து மூன்று மைல் நடந்து வரும் பிள்ளையின் பெயரை விளையாட்டுப் போட்டி முடிவில் மட்டும் பார்க்கலாம்.

இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கழகம் கூடுவது பாடசாலை விட்ட பிறகு. இரண்டு மணி பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது அந்திக்குத்தான். பெண் பிள்ளை என்றால் அம்மா மலையிலிருந்து வருவதற்குள் பீலியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பியைப் பிள்ளைக் காம்பிராவிலிருந்து தூக்கிவர வேண்டும், அடுப்பும் மூட்ட வேண்டும். ஆர்வமுள்ளவர்கள் வரலாம் என்று அறிவித்தல் ஒட்டினால் யார் வருவார்கள்? நேரம் உள்ளவர்கள் வருவார்கள். அதனால் கூட்டத்தை இடைவேளைக்கோ பாட நேரத்துக்கோ மாற்றுங்கள் என்று அதிபர்மாரிடம் கேட்பது சின்னக் கோரிக்கைதான். கேட்ட இடங்களில் சிலர் ஒத்துக்கொண்டார்கள், சிலர் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது சம்பளத்துக்கு வருகிறேன். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு பாடசாலையில் அதைச் சுவர்ப் பத்திரிகையில் முதல் செய்தியாகப் போட்டார்கள். ‘தோட்டத் தொழிலாளர் சம்பளம் உயர்ந்தது’ என்று பெரிய எழுத்தில், நாளிதழில் வந்ததை அப்படியே அழகாகப் பார்த்து எழுதியிருந்தார்கள். பின் வாங்கில் இருக்கும் ஒரு மாணவி அதை வாசித்துவிட்டு என்னிடம் வந்து, “சேர், அம்மாவுக்கு அரைப் பேர் போட்டா அதுல எவ்வளவு சேர் வரும்?” என்று கேட்டாள்.

எழுதிய நாலு பேருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. தோன்றாததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் வீட்டில் யாரும் கொழுந்துக் கூடை தூக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தராசடியில் நடப்பது தெரியும். சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், கேட்ட கிலோ வராவிட்டால் என்ன பேர் விழும், மாதக் கடைசியில் சம்பளத் துண்டில் என்னென்ன வெட்டு என்பதெல்லாம் அவளுக்குச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. அவளையே எழுதச் சொன்னேன். மூன்று அக்காமாரின் சம்பளத் துண்டுகளை, பெயரை மறைத்துவிட்டு, பிரதி எடுத்து ஒட்டினாள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது என்ன கழிவு என்று எழுதினாள். விளங்காத இரண்டு வரிகளுக்குக் கேள்விக்குறி போட்டுவிட்டாள். அந்தக் கிழமை சுவரடியில் பிள்ளைகளைவிட ஆசிரியர்கள்தான் அதிகம் நின்றார்கள். அந்த இரண்டு கேள்விக்குறியையும் நான் தோட்டத் தலைவரிடம் காட்டினேன். அவர் அதை எடுத்துக்கொண்டு ஒப்பீசுக்குப் போனார்.

நமது தொழிற்சங்க வரலாறே பத்திரிகையோடு சேர்ந்ததுதான். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தோட்டத்துக்குள் நுழைந்து நிலைமையைப் பார்ப்பதற்குப் புடவை வியாபாரியாக வேடம் போட்டார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1924இல் அவர் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை பத்திரிகையில் எழுதினார், கூட்டங்களில் பாடினார். ஒரு பெண் மேடையேறுவதே பெரிய காரியமாக இருந்த காலம் அது. அன்று செய்தி எடுப்பவர் வேடம் போட்டு உள்ளே வர வேண்டியிருந்தது. இன்று செய்தி எடுக்கக்கூடிய பிள்ளை லயத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பிள்ளையைத்தான் நாம் சுவரடிக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

எழுத வந்த பிள்ளைக்கும் அடுத்த தடை ஒன்று இருக்கிறது, அது சிவப்புப் பேனை. காம்பிரா என்று எழுதினால் ‘அறை’ என்று திருத்துகிறோம். இஸ்தோப்பு, பிரட்டுக்களம், பேர், எல்லாம் வெட்டுப்படுகின்றன. எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், அது வேண்டும். ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஏழு பேர் படுக்கும் இடத்துக்கு அறை என்று பெயர் போட்டால் வாசிப்பவருக்கு வேறு ஏதோ தோன்றும். மூன்று முறை வெட்டுப்பட்ட பிள்ளை நாலாவது முறை எழுதித் தர மாட்டாள். இதை என்னுடைய ஆசிரிய நண்பர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அம்மாமாரின் பயத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஒரு மாணவன் லயத்து மலசலகூடத்தைப் பற்றி எழுதியிருந்தான். மறுநாள் அவனுடைய அம்மா வேலைக்குப் போகாமல் என்னைத் தேடி வந்து, “வேணாங்க சேர், தொரை காதுக்குப் போனா எனக்குத்தான் கஷ்டம்” என்றார். அவருக்குத் தைரியமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாள் பேர் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத்தான் தெரியும். அந்தச் செய்தியைக் கழகத்தின் பெயரில் போட்டோம், எந்த லயம் என்று குறிப்பிடவில்லை. பிறகு மற்ற டிவிசன் பிள்ளைகளும் தங்கள் பக்கத்து நிலைமையைக் கொண்டு வந்தார்கள். நாலு டிவிசன் சேர்ந்ததும் அது ஒருவர் வீட்டுப் புகாராகத் தெரியவில்லை.

பெயர் போடுவதற்கு முன் கேட்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் பழக்க வேண்டும். படிப்பை நிறுத்திக் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன தோழியைப் பற்றி ஒரு பிள்ளை உருக்கமாக எழுதியிருந்தாள், முழுப் பெயரோடு. முதலில் அவளிடம் பேசு என்றேன். போனில் பேசினாள். பெயரை எடுத்துவிடு, ஆனால் என் சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறான் என்பதைச் சேர் என்று அந்தத் தோழி சொல்லியிருக்கிறாள். பாவம் என்று முடிந்திருந்த கட்டுரை அதோடு வேறு கட்டுரையாகிவிட்டது.

பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளும், பசார் முஸ்லிம் பிள்ளைகளும் நம்முடைய அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், அதே உடைந்த பாதையில்தான் வருகிறார்கள். இரண்டு மொழியிலும் ஒரு பக்கம் போட்டுப் பார்க்கலாம். கண் பார்வை குறைந்த பிள்ளை எழுத முடியாவிட்டாலும் கேள்வி கேட்கலாம், குரல் பதிவு செய்யலாம். கைத்தொலைபேசி இருக்கிறதே.

சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். மாவட்டக் காரியாலயத்தில் ஓர் அறையைச் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். தூரத்து டிவிசன் பிள்ளைகளுக்குப் பஸ் காசு கொடுங்கள். இந்தச் செய்தி மடலில் கடைசிப் பக்கத்தை அவர்களுக்கு விடுங்கள். விட்ட பிறகு அதில் கை வைக்காதீர்கள். தோட்டத் தலைவர் ஆறு மாதமாகக் கூட்டம் வைக்கவில்லை என்று ஒரு பிள்ளை எழுதினால், அதுவும் அச்சில் வர வேண்டும். தலைவர்மார் சிரிக்கிறீர்கள், இப்போதே சம்மதம் சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி.

பக்கத்தைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கொழுந்து பறிக்கும் அம்மாவாக இருக்கட்டும். வாசிக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகள் வாசித்துக் காட்டுவார்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் வாருங்கள், கொப்பியும் பேனையும் கொண்டு வந்திருக்கிறேன்.