வழுவழுப்பும் உயவும்



மாழை உறுப்புகள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து இயங்குங்கால், அவற்றின் பரப்பு எவ்வளவு வழுவழுப்போ அவ்வளவு நன்று என்றே பலரும் எண்ணுவர். அது பாதி உண்மை. மறுபாதியை அறியாது, பொறியின் உருளையை உப்புத்தாளிட்டுப் பளபளக்கத் தேய்த்துவிடுவாரும் உளர். அவ்வுருளை சின்னாளிலேயே எண்ணெய் குடிக்கத் தொடங்கும். இழப்பு, கடன்பட்டுச் சரக்குந்து வாங்கியவனுக்கு!

கண்ணாடிபோல் தோன்றும் எஃகுப் பரப்பும் உண்மையில் மேடும் பள்ளமுமாகவே கிடக்கின்றது. நன்கு தேய்த்த பரப்பின் மேடுகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறியவை. உயவெண்ணெய்ப் படலமும் பலவிடங்களில் ஏறத்தாழ அவ்வளவே. அப்படலம் இருபரப்புகளின் சொரசொரப்பையும் சேர்த்துக் கணித்த அளவினும் மும்மடங்கு தடித்திருப்பின் மேடுகள் பெரும்பாலும் தொடுவதில்லை. ஒரு மடங்கினும் மெலிந்தால் அவை மோதும். வெம்மையேறி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும்.

படலத்தைத் தாங்கி நிற்பது இயக்கமே. 1883-இல் பீச்சம் தவர் எனும் ஆங்கிலப் பொறியாளர் தொடர்வண்டி அச்சின் தாங்கியை ஆய்ந்தார். தாங்கியின் மேற்புறத்துத் துளைவழியே எண்ணெய் பொங்கி வழிந்தது. அடைத்த மரத்தக்கையையும் வெளியே தள்ளிற்று. சுழலும் அச்சு எண்ணெயைத் தானே இழுத்துக் குறுகிய இடுக்கிற் செலுத்தி அழுத்தம் உண்டாக்குகின்றது என்பதை 1886-இல் ஒசுபோர்ன் இரெய்னால்டு கணக்கியல் வழியே நிறுவினார். விரைவு குறைந்தால் அவ்வழுத்தமும் வீழும். (இத்துறைக்கு 1966-இல் பிரித்தானியாவில் கிரேக்கச் சொல்லடியாகப் பெயர் படைத்தனர். தமிழில் உராய்வியல் என்றாலே விளங்கும், அயற்சொல் எதற்கு?)

இனிச் சரக்குந்தின் உருளையைக் காண்க. தொழிலாளர் பிசுட்டன் என வழங்கும் உந்துதண்டு நடுவழியில் விரைந்தோடும். ஆங்கே அதன் வளையத்திற்கும் உருளைச் சுவருக்குமிடையே படலம் நிலைக்கும். இருமுனையிலும் நின்று திரும்புமே, அங்கே விரைவு சுழி. மேல்முனையிலோ எரிவளியின் வெம்மையும் அழுத்தமும் மிகுதி. உருளை பெரிதும் தேய்வது அவ்விடத்தேதான். அங்கே சுவர் முழுதும் பளபளத்தால் எண்ணெய் தங்க இடமேது?

அதனாலேயே, சாணைக்கற்களைச் சுழற்றியும் மேலுங்கீழும் செலுத்தியும் உட்சுவரில் ஒன்றையொன்று குறுக்கிடும் நுண்கோடுகளைக் கீறுகின்றனர். பின்னர் நுண்ணிய கல்லால் மேடுகளின் உச்சியை மட்டும் சீவிவிடுவர். மேலே மட்டமான திடல், இடையிடையே எண்ணெய் தேங்கும் வாய்க்கால். உழவர்க்கு இவ்வமைப்பை விளக்கவும் வேண்டுமோ! வாய்க்கால் அளவுமீறி ஆழ்ந்தாலும் கேடே; எண்ணெய் வீணே எரிந்துபோம். கடைசற்பொறியின் வழுக்குதடத்தைக் கையுளியாற் சுரண்டிச் சிறுகுழிகள் விடுதலும் எண்ணெய் தங்குதற்கே.

உருளை புதுக்கிய வண்டியைத் தொடக்கத்தில் பெருஞ்சுமையேற்றாது ஓட்டச் சொல்வதும் இதுபற்றியே. எஞ்சிய மேடுகள் அப்போது மெல்லத் தேய்ந்தடங்கும். அந்த மாழைத்துகள் எண்ணெயிற் கலக்குமாதலின், அம்முதலெண்ணெயை வழக்கமான தவணைக்கு முன்னரே வடித்து மாற்றிவிடுதல் வேண்டும்.