மைசூருக்கு ஒன்பது மணி நேரம்

(பெங்களூரு உறுப்பினர்களின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பெங்களூரிலிருந்து மைசூர் போக எத்தனை நேரம் என்று கேட்டால், இன்று எல்லோரும் ஒன்றரை மணி, இரண்டு மணி என்பீர்கள். சென்ற மாதம் எங்களுக்கு ஒன்பது மணி நேரம் ஆயிற்று. கார் பழுதாகவில்லை, வழியும் தவறவில்லை. வேண்டுமென்றே செய்ததுதான்.

என் அத்திம்பேருக்கு வயது 81. சர்க்கரையும் உண்டு, புராஸ்டேட் உபத்திரவமும் உண்டு. 2023 மார்ச்சில் புது எக்ஸ்பிரஸ்வே திறந்தார்கள் அல்லவா, அந்த வருஷம் நவராத்திரிக்கு அதில் மைசூர் போனோம். பிரமாதமான சாலைதான், ஆறு லேன். ஆனால் இரு பக்கமும் வேலி, நினைத்த இடத்தில் இறங்க முடியாது. பிடதி, ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா எல்லாவற்றையும் பைபாஸில் ஒதுக்கிவிட்டார்கள். ஒரு ஓய்விடம்கூடக் கட்டாமலே சாலையைத் திறந்துவிட்டார்கள். பாதி வழியில் அத்திம்பேர் "கொஞ்சம் நிறுத்தேண்டா" என்றார். எங்கே நிறுத்துவது? மேலே நடந்ததைச் சபையில் சொல்ல வேண்டாம். அன்று முதல் அவர் ஆத்தை விட்டு நகரவில்லை. பேத்தியின் சீமந்தத்துக்குக்கூட "நீங்கள்லாம் போயிட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டார்.

அவரை எப்படியாவது கிளப்பவேண்டும் என்றுதான் பழைய ரோட்டில் போனோம். ஒரே நிபந்தனை: அரை மணிக்கு மேல் வண்டி ஓடக்கூடாது. எங்கே நிறுத்தினாலும் முதலில் நான் இறங்கிப் பாத்ரூமைப் பார்த்துவிட்டு வருவேன், அப்புறம்தான் டிபன். ஒரு பெரிய ஹோட்டலில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டேன்! முகப்பில் அத்தனை பளிங்கு.

முதல் நிறுத்தம் பிடதி. தட்டே இட்லி என்றால் தட்டில் வார்த்து ஆவியில் வேகவைத்தது. மேலே ஒரு உருண்டை வெண்ணெய். ஒன்று போதும், இரண்டாவது பேராசை. அடுத்து, ராமநகரம் தாண்டி ஜானபத லோகா. நாகேகௌடர் என்ற அதிகாரி ஊர் ஊராகச் சேகரித்த கிராமத்துச் சாமான்களை வைத்து 1994இல் திறந்தது. அங்கே பழைய ஏற்றத்தையும் உரலையும் பார்த்து அத்திம்பேர் எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். மரத்தடியில் உட்கார இடம் உண்டு.

சென்னபட்டணத்தில் பொம்மைக் கடையோடு நிற்காமல் பட்டறைக்கே போனோம். நாம் வெட்பாலை என்கிற மரத்தைத்தான் அங்கே ஆலெ மரம் என்கிறார்கள். கடைசலில் மரம் சுழலும்போது வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால், உராயும் சூட்டிலேயே அரக்கு உருகி ஒட்டிக்கொள்கிறது. பிறகு காய்ந்த தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடுகிறது. பிரஷும் இல்லை, பெயிண்டும் இல்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தொட்டமல்லூர். அப்ரமேயர் சன்னிதி, தவழும் கிருஷ்ணன். மத்தியானம் நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள். நாங்கள் ஓடித்தான் போனோம்.

மத்தூர் வடைக்குக் கதை உண்டு. 1917இல் ரயில் நிலையத்தில் பக்கோடா விற்றுவந்த ராமசந்திர புத்யா, ஒரு நாள் ரயில் முந்தி வந்துவிட, பிசைந்த மாவை அவசரத்தில் தட்டையாகத் தட்டிப் பொரித்துக் கொடுத்தாராம். ரவை, மைதா, அரிசி மாவு, வெங்காயம். (வெங்காயம் சேர்க்காத மாமிகள் மன்னிக்கவும்.)

மத்தூருக்கு அருகில் ஒரு சின்ன ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகப் பாதி மேஜைகள் காலி. முன்பெல்லாம் மேஜைக்குக் காத்து நிற்பார்களாம், பைபாஸ் வந்தபின் ஆட்களைக் குறைத்துவிட்டேன் என்றார் முதலாளி. அவர் அத்திம்பேரை நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவர் எழுந்திருக்கும்வரை பில்லைக் கொண்டுவரவில்லை. நம் முன்னோர் சாலையோரம் சத்திரமும் தண்ணீர்ப் பந்தலும் வைத்தார்கள், தலைச்சுமைக்காரன் இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல்லும் நட்டார்கள். ராணி மங்கம்மாள் சாலைகளை விடுங்கள், நம் ஊர் சிட்டி ரயில் நிலையத்துக்கு எதிரே குப்பி தோட்டதப்பா கட்டிய சத்திரம் 1903இல் திறந்தது. நடப்பவன் களைப்பான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வெளியூர் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியவர்களை அழைத்துக்கொண்டு மைசூர் வருபவர்கள், கூகுள் காட்டுகிற வழியில் அப்படியே போகாதீர்கள். கெங்கேரி தாண்டியதும் பழைய ரோட்டைக் கேட்டுப் பிடியுங்கள். மாற்று வேஷ்டி ஒன்று கைப்பையில் இருக்கட்டும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

இரவு மைசூரில் அத்திம்பேர், "ஶ்ரீரங்கப்பட்டணத்துல நிறுத்தவே இல்லையேடா, திரும்பறப்போ நிறுத்து" என்றார். பட்டறையில் அவர் வாங்கிய அரக்குப் பம்பரம் என் பையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் குழந்தைகள் வந்து சுற்றிப் பார்க்கலாம்.