வலைக்கு வெளியே நிற்பவர்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியெங்கும் மானாவாரி நிலம். பருத்தியும் மிளகாயும் எள்ளும் மழையை நம்பியே விதைக்கப்படுகின்றன. குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். புல்தரை வேண்டும் விளையாட்டுகள் இங்கே செலவு மிகுந்தவை. கைப்பந்துக்கோ 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள சமதரை போதும். வற்றிய கண்மாயின் ஒரு மூலை, இரண்டு கம்பங்கள், ஒரு வலை, ஒரு பந்து, ஆட்டம் தொடங்கிவிடும். பகலெல்லாம் தறிக்குழியில் கால்களை வைத்து உட்கார்ந்திருப்பவனுக்கு, மாலையில் எழும்பிக் குதிக்கும் இந்த ஆட்டத்தைவிட உகந்தது வேறு என்ன இருக்கிறது?

இந்த ஆட்டத்தை அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் என்பவர் 1895-இல் அமைத்தார். கூடைப்பந்தின் வேகத்தைத் தாங்க முடியாத நடுவயதினருக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அதே ஆண்டில் திருச்சுழியில் பிறந்த ஒரு சிறுவர், பந்தாட்டத்திலும் மற்போரிலும் மிகுந்த விருப்பத்தோடு மதுரையில் படித்துக்கொண்டிருந்தார். பின்னாளில் உலகம் அவரை இரமண மகரிஷி என்று அறிந்தது. இவ்விரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை; காலத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

நம் நாட்டில் இவ்வாட்டத்தைப் பரப்பியதில் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மார்கன் பயின்ற ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியிலேயே பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து, 1920-இல் உடற்கல்விப் பள்ளியொன்றைத் தொடங்கினார். அதுவே இன்றைய நந்தனம் உடற்கல்விக் கல்லூரி. 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்துக்கு இந்தியக் குழுவை அழைத்துச் சென்றவரும் அவரே. ஒரு கையில் கல்லூரி, மறு கையில் தேசியக் குழு. 1943-இல் சென்னையிலேயே காலமானார். அவர் வென்ற பதக்கம் என்று காட்ட ஒன்றுமில்லை. ஆயினும் அக்கல்லூரியில் பயின்றவர்கள் ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போனார்கள். ‘டிரில் வாத்தியார்’ என்று நாம் சற்று இளக்காரமாகவே அழைத்தோமே, அவர்கள்தாம்.

ஏன் அந்த இளக்காரம்? பயிற்சியாளரின் வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. பந்தை ஓங்கி அடிப்பவனைக் கூட்டம் கொண்டாடுகிறது. ஆனால் எதிரி அனுப்பிய பந்தை ஒருவன் தாழ்ந்து வாங்கி, இன்னொருவன் அதை விரல் நுனியால் சரியான உயரத்துக்குத் தூக்கிக் கொடுத்தாலன்றி அடிக்கவே முடியாது. மூன்று தொடுதலுக்குள் மூன்று மனிதர்களின் நேரம் ஒன்றாக வேண்டும். இதை ஆயிரம் முறை செய்யவைத்துப் பழக்குகிறவர், ஆட்டம் தொடங்கியபின் கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

அரசாங்கமும் அவரைத் தாமதமாகவே கண்டது. அர்ஜுனா விருது 1961-இல் ஏற்பட்டது; கைப்பந்துக்காக அதனை முதலில் பெற்றவர் ஏ. பழனிசாமி. பயிற்சியாளருக்கான துரோணாச்சாரியார் விருதோ 1985-இல்தான் வந்தது. தமிழகத்தின் ஜி. இ. ஸ்ரீதரன் 1982-இல் ஆட்டக்காரராக அர்ஜுனா விருதையும், 2007-இல் பயிற்சியாளராகத் துரோணாச்சாரியார் விருதையும் பெற்றார். அர்ஜுனனாயிருந்தவர் துரோணராக 25 ஆண்டுகள்! இந்த விருதின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டவரும் அந்தத் துரோணர்தாமே? மாணவனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்பது எந்தப் பயிற்சியாளரும் தப்பிக்க முடியாத கேள்வி.

ஜப்பானியர் டைமட்சு ஹிரோபுமியின் கதையை இங்கே சொல்ல வேண்டும். அவர் இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் இருந்தவர். ஒசாகாவை அடுத்த கைசுகாவில் நிச்சிபோ நூற்பாலைப் பெண்களுக்கு அவர் பயிற்சி அளித்தார். அப்பெண்கள் பகலில் ஆலையில் வேலை செய்வார்கள். வேலை முடிந்ததும் பயிற்சி தொடங்கும். பல நாள் நள்ளிரவையும் தாண்டும். பந்தை நோக்கிப் பாய்ந்து விழுந்து, உருண்டு, அந்த உருளலிலேயே எழுந்து நிற்கும் முறை ஒன்றை அவர் பழக்கினார். உயரத்தில் குறைந்த பெண்கள், உயர்ந்த ரஷ்யப் பெண்களை 1962-இல் மாஸ்கோவிலேயே தோற்கடித்து உலகப் பட்டம் பெற்றார்கள். 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கமும் அவர்களுக்கே. அக்குழுவினரில் பெரும்பாலோர் அந்த ஓர் ஆலையைச் சேர்ந்தவர்கள்.

நூற்பாலைகள் நிறைந்த நம் பகுதிக்கு இது அயலான கதையன்று. ஆலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் இங்கும் உண்டு. அவர்களுக்கும் ஒரு வலை கட்டிக் கொடுக்கலாமே என்று என் மனம் ஆசைப்படுகிறது. அதே சமயம், எட்டு மணி நேரம் நின்று உழைத்த உடலை மேலும் நள்ளிரவுவரை தரையில் விழச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்றும் அது கேட்கிறது. டைமட்சுவின் முறையைக் கண்டித்தவர்கள் அவர் நாட்டிலேயே இருந்தார்கள். என் கருத்தைக் கேட்டால், அவருடைய உருளும் முறையை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய கடிகாரத்தை விட்டுவிடலாம் என்பேன்.

நம் நிலை என்ன? ஆசியப் போட்டிகளில் இந்திய ஆடவர் 1958-இல் வெண்கலமும், 1962-இல் வெள்ளியும், 1986-இல் மீண்டும் வெண்கலமும் பெற்றனர். அதன் பிறகு 2023 வரை பதக்கம் இல்லை. 2023-இல் ஹாங்சோவில் தென்கொரியாவை 3-2 என்று வென்றபோது நாடு ஒருகணம் நிமிர்ந்து பார்த்தது. இறுதியில் கிடைத்தது ஆறாம் இடம். கிராமத்தில் துள்ளும் சிறுவர்களுக்குக் குறைவில்லை. பன்னிரண்டு வயதில் அவர்களுக்குப் பந்தை வாங்கும் முறையைத் திருத்திக் கொடுக்கும் ஆள்தான் குறைவு. தவறாகப் பழகிய கையை இருபது வயதில் திருத்துவது, வளைந்து முற்றிய மரத்தை நிமிர்த்துவது போன்றது.

அந்த ஆளாக உங்களில் எவரேனும் விரும்பினால் வழி தொலைவில் இல்லை. காரைக்குடியில் அழகப்பர் பெயரால் விளங்கும் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் பக் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. பயிற்சியாளர்களுக்கென்றே 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டுக் கழகம் பாட்டியாலாவில் இருக்கிறது. ஆட்டக்காரராகப் பெயர் பெற்றிருக்க வேண்டுமோ என்று தயங்குவோர் இருக்கலாம். டைமட்சுவின் ஆட்டத்தைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை.