பெருந்தொற்றும் பொய்ம்மருந்தும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்க விழாவில் கொள்ளைநோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கருதக்கூடும். 2020-ஆம் ஆண்டின் கொரோனாப் பெருந்தொற்றில் மனிதரைக் கொன்றது கிருமி மட்டுமன்று; அதனினும் விரைந்து பரவிய பொய்யும் கொன்றது.

ஈரானில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். சாராயம் அருந்தினால் கொரோனா அண்டாது என்றொரு வதந்தி அவ்வாண்டுத் தொடக்கத்தில் அங்கே கிளம்பிற்று. மது விலக்கப்பட்ட நாடு அது. மக்கள் கள்ளத்தனமாகக் கிடைத்ததை வாங்கிக் குடித்தனர். அதில் கலந்திருந்ததோ மெத்தனால். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறும், கண் நரம்பை அழிக்கும், உயிரையும் பறிக்கும். சில மாதங்களுக்குள் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நம் மக்களைக் கொண்டுபோனதும் இதே நஞ்சுதான்.

2021 ஏப்ரலில் பிராணவாயு கிட்டாமல் நாடே தவித்தது. அப்போது கற்பூரமும் ஓமமும் கிராம்பும் முடிச்சிட்டு முகர்ந்தால் இரத்தத்தில் பிராணவாயு ஏறும் என்ற செய்தி கைபேசிதோறும் உலவியது. மலிவான பொருள்தானே, தீங்கென்ன என்பார் உண்டு. கற்பூரம் மூக்கடைப்பு நீங்கியது போன்ற உணர்வைத் தரும், அவ்வளவே. நுரையீரலின் காற்றறைகளில் நீர் கோத்திருக்கையில் வாசனை என்ன செய்யும்? இந்நோயில் மூச்சுத் திணறல் தெரியாமலே பிராணவாயு குறைவதுண்டு. முடிச்சை முகர்ந்து கழித்த இரண்டு நாள், மருத்துவமனைக்குச் சென்றிருக்க வேண்டிய நாள்.

மேல்நாட்டு மருந்தென்பதாலும் நம்பிவிடலாகாது. பெருந்தலைவர்களே புகழ்ந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின், 2020 ஜூனில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு முடிவில் பயனற்றதெனத் தெரிந்தது. அதே ஆய்வில், விலை குறைந்த பழைய மருந்தாகிய டெக்சாமெத்தசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் சாவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. சோதித்ததால் அறிந்தோம்.

இடையே ஒன்று. அந்நாளில் எங்கும் "சமூக இடைவெளி" என்றார்கள். தலைமுறை தலைமுறையாக நம்மைத் தள்ளி நிறுத்திய சொல்லன்றோ அது! உடல் இடைவெளி என்று சொல்லியிருக்கலாம்.

பொய்ம்மருந்து விற்போன் நம் தெருவில் எளிதில் நுழைவதற்கும் காரணம் உண்டு. மருத்துவமனை வாயிலில் அதட்டப்பட்டவன், அன்பாகப் பேசுகிறவனை நம்புகிறான். குற்றம் நம்பியவனிடம் மட்டும் இல்லை.

நம் மாலைப் பள்ளிப் பிள்ளைகளிடம், கைபேசியில் வரும் மருத்துவச் செய்திகளைப் பெற்றோர் காட்டுங்கள். சொன்னவர் யார், எத்தனை பேரிடம் சோதித்தார், விற்று இலாபம் அடைபவர் யார் என்று அவர்கள் கேட்கட்டும். விடை கிட்டாதவற்றை எழுதித் தந்தால், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் நானே கேட்டு வந்து பலகையில் எழுதி வைக்கிறேன். வரும் சனிக்கிழமை முதல் தொடங்குவோம்.