மரம் எந்தப் பக்கம்?

(மதுரையில் இளம் வாசகர்களுக்கான ஹைக்கூ அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



தமிழுக்கு ஹைக்கூ வந்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1916 அக்டோபரில் பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார். இதே மதுரையில் பிறந்து தியாகராசர் கல்லூரியில் படித்த அப்துல் ரகுமான், 1974இல் வந்த ‘பால்வீதி’யில் அந்த வடிவத்தை முயன்று பார்த்தார். 1984 முதல் தனித் தொகுப்புகள் வரத் தொடங்கின. இவையெல்லாம் எழுதியவர்களின் வரலாறு. நான் படிப்பவர்களைப் பற்றிப் பேசப் போகிறேன்.

இன்றைய பேச்சுக்காக நானே மூன்று வரி எழுதி வந்திருக்கிறேன். நல்ல கவிதையா என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

சுவரின் இருபுறமும்
உதிர்கிறது
ஒரே வேம்பின் பூ

எழுதும்போது என் மனதில் இருந்தது எழுமலைக்குப் பக்கத்தில் இருக்கும் உத்தப்புரம். அங்கே தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி, நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. ஆனால் அந்த ஊர்ப் பெயர் இந்த மூன்று வரிக்குள் இல்லை. என் மனதில் இருந்தது உங்கள் கைக்கு வராது. வரிகள் மட்டும்தான் வரும்.

இப்போது மூன்று பேர் இதைப் படிப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு இது சித்திரை மாதத்து வெயில், தரையெங்கும் வேப்பம்பூ, ஓர் அழகான காட்சி. இரண்டாமவர், “இயற்கைக்குச் சாதி தெரியாது” என்று நெகிழ்ந்து போகிறார். மூன்றாமவர் அப்படி ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் வளர்ந்தவர். அவர் கேட்கிறார்: “மரம் எந்தப் பக்கம் நிற்கிறது?” பூ தாண்டி வந்துவிடுகிறது, சரி. மரத்தின் நிழலில் யார் உட்காரலாம்? அந்தக் கேள்வி வந்ததும் ‘ஒரே’ என்ற சொல் கசந்துபோகிறது. இரண்டாமவருக்கு ஆறுதலாக இருந்த கவிதை இவருக்குக் கேலியாகிவிடுகிறது.

நம் இலக்கியக் கூட்டங்களில் இந்த மூன்றாமவரிடம் என்ன சொல்வார்கள்? “கவிதையில் அரசியலைத் திணிக்காதீர்கள்.” முதலாமவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. சுவர் வெறும் சுவராகவே இருக்கிற ஒரு வாழ்க்கையை அவரும்தானே கொண்டு வந்து போடுகிறார்! வெறுங்கையோடு ஒரு கவிதைக்குள் நுழைகிறவர் எவரும் இல்லை. ஒருவர் கொண்டு வருவதற்கு ரசனை என்று பெயர், இன்னொருவர் கொண்டு வருவதற்குத் திணிப்பு என்று பெயர். இந்தப் பெயர் சூட்டலில்தான் சாதி இருக்கிறது.

அப்படியானால் யாரும் எதையும் சொல்லலாமா? முடியாது. சுவர் இடிந்துவிட்டது என்று இந்த மூன்று வரியைப் படிக்க முடியாது. ‘இருபுறமும்’ என்ற சொல் விடாது. வரிகள் எல்லை போடுகின்றன, அந்த எல்லைக்குள் எழுதியவரும் ஒரு வாசகர்தான். மூன்றாமவரின் கேள்வி நான் நினைக்காதது. ஆனால் வரிகள் அதற்கு இடம் தருகின்றன. ஆகவே அது கவிதையின் பொருள்தான்.

இது ஹைக்கூவுக்கு அந்நியமான பேச்சு அல்ல. பலர் சேர்ந்து தொடுக்கும் தொடர் கவிதையின் தொடக்கப் பகுதியிலிருந்து பிறந்த வடிவம் அது. ஒருவர் மூன்று வரி சொல்ல, கேட்டவர் தன் வரிகளால் அதைத் தொடர்வார். ஜப்பானில் ‘குகாய்’ என்றொரு கூடுகையும் உண்டு. கவிதைகளைப் பெயரில்லாமல் சீட்டில் எழுதிக் கலந்துவிடுவார்கள். கையெழுத்து தெரியாதபடி வேறொருவர் படியெடுப்பார். எல்லோரும் பிடித்ததைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் எழுதியவர் தன் பெயரைச் சொல்வார். 1946இல் குவபரா தக்கேயோ என்ற விமர்சகர், புகழ்பெற்றவர்களின் ஹைக்கூக்களையும் மற்றவர்களுடையதையும் பெயர் நீக்கிக் கலந்து படிக்கக் கொடுத்தார். எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை என்பதால், ஹைக்கூவை இரண்டாந்தரக் கலை என்றார். எனக்கு அந்தச் சோதனை வேறொன்றைச் சொல்கிறது. தரம் எவ்வளவு தூரம் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதை அது காட்டிவிட்டது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விடச் சொன்ன மண்ணில் இருக்கும் நமக்கு இது புரியாதா?

ஆனால் பெயரை மறைத்தால் மட்டும் போதாது, சொற்களுக்குள்ளும் ஊர் இருக்கிறது. ஹைக்கூவில் பருவச் சொல் முக்கியம். நம் வயற்காட்டில் ‘மடை திறப்பு’ ஒரு பருவச் சொல்லாகலாம். நிலம் வைத்திருப்பவருக்கு அது விளைச்சலின் தொடக்கம். கண்மாயில் இராத்திரி பகலாக நின்று தண்ணீர் பாய்ச்சிய நீர்பாய்ச்சிகள் பல ஊர்களில் தலித்துகள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு அதே சொல், அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்த இரவு.

அதனால் ஒரு யோசனை. உங்கள் ஊரில், உங்கள் படிப்பகத்தில் ஒரு குகாய் நடத்துங்கள். பெயர் இல்லாமல் படியுங்கள். எழுதியவர் கடைசியில் பேசட்டும். யாராவது ஒரு வரியைப் பார்த்து, “இது எங்க தெருவுல வேற மாதிரி” என்று சொன்னால் அவரை நிறுத்தாதீர்கள். அங்கிருந்து அடுத்த மூன்று வரியை அவரையே எழுதச் சொல்லுங்கள்.