கையில் கொடுத்தால் போதாது

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பேசுவதென்றால் பழைய நினைவுகளைச் சொல்வதுதான் வழக்கம். மன்னிக்க வேண்டும், நான் இன்றைய விடயம் ஒன்றைப் பேச வந்திருக்கிறேன். வயது போன எங்கள் ஊரையும், வயது போனவர்களின் கையிலிருக்கும் கைத்தொலைபேசியையும் பற்றியது அது.

1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையில் 60 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் நூற்றுக்கு 6.6 பேர். 2012இல் அது 12.4 ஆகிவிட்டது. எங்கள் பகுதியில் இதற்கு மேலதிகமாக இன்னொன்றும் நடந்தது. போரினாலும், படிப்புக்கும் வேலைக்குமாகவும் இளையவர்கள் புறப்பட்டுப் போனார்கள். எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடுகள். இரண்டு பூட்டிக் கிடக்கின்றன. ஐந்தில் அறுபதைத் தாண்டியவர்கள் மட்டுமே இருக்கிறார்கள்.

அந்த ஐந்து வீட்டிலும் நல்ல தொலைபேசி உண்டு. லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வந்த பிள்ளை வாங்கிக் கொடுத்தது. பிள்ளை அழைக்கும்போது எடுக்கத் தெரியும். மற்றதெல்லாவற்றுக்கும் ஓட்டோக்காரத் தம்பியிடமோ முன்வீட்டுப் பையனிடமோ அதை நீட்ட வேண்டும். கடவுச்சொல்லும் அவர்களிடம்தான்.

இக்கல்லூரியில் எனக்குக் கணிதம் படிப்பித்த ஆசிரியை ஒருவரைப் பற்றி, அவருடைய சம்மதத்தோடு சொல்கிறேன். எண்பது வயதைத் தாண்டியவர். ஒரு நாள் வங்கியிலிருந்து பேசுவதாக ஓர் அழைப்பு. மரியாதையான தமிழ். அட்டை முடங்கப் போகிறது, தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னார். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து வைத்த காசு போய்விட்டது.

பெரிய நட்டம் அதற்குப் பிறகுதான். அவர் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. தொலைபேசியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். மூன்று மாதம் பேரப்பிள்ளைகளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பிறகு என்னிடம் சொன்னார்: “கணக்குப் படிப்பிச்ச நான் ஏமாந்துபோனன் எண்டு ஆருக்குப் பிள்ளை சொல்லுறது?”

நான் முப்பது வருடம் வங்கியில் வேலை செய்தவள். அடுத்த ஒழுங்கையில் இருக்கிறேன். நல்லநாள் பெருநாளுக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அந்த ஆறு இலக்கத்தை எந்த வங்கியும் ஒருபோதும் கேட்காது என்ற ஒரு வசனத்தை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். இன்று இங்கே நான் பேசுவதற்குக் காரணம் அதுதான்.

அதன் பிறகு, வயது போன ஊர்கள் வேறெங்கே என்ன செய்கின்றன என்று தேடி வாசித்தேன். யப்பானின் ஷிகொக்குத் தீவில் கமிகட்சு என்றொரு மலையூர் உண்டு. சனத்தொகை 1,500இற்கும் குறைவு. அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 65 வயதைக் கடந்தவர்கள். அங்கே தோடைச் செய்கைதான் பிழைப்பாக இருந்தது. 1981இல் வந்த கடுங்குளிரில் அந்த மரங்கள் பட்டுப்போயின. விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்த யொகோஇஷி தொமோஜி என்பவர், ஓர் உணவகத்தில் சாப்பாட்டுத் தட்டை அலங்கரித்த இலையை இளம்பெண்கள் ஆசையோடு எடுத்துப் பார்ப்பதைக் கண்டார். எங்கள் மலையில் இல்லாத இலையா என்று எண்ணினார். 1986இல் உணவகங்களுக்கு இலை அனுப்பும் தொழில் தொடங்கியது. இலை பாரமில்லாதது, வயதான பெண்களால் பறித்து, தெரிந்து, பெட்டியில் அடுக்க முடியும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அவர்களுடைய வீடுகளுக்குக் கணினி வந்தது. முதிய விரல்களுக்கு ஏற்றபடி குறைந்த விசைகளோடு விசைப்பலகையும், உருட்டுவதற்குப் பெரிய பந்தும் செய்து கொடுத்தார்கள். பின்னர் தொடுதிரைப் பலகைகள் வந்தன. காலையில் கேள்விகள் திரையில் வரும். யார் முதலில் அழுத்துகிறாரோ அவருக்கே அந்த வேலை. விற்பனையில் தான் எத்தனையாவது இடம் என்பதையும் ஒவ்வொருவரும் பார்க்கலாம். அங்கே எழுபது, எண்பது வயதுப் பெண்கள் விடியற்காலையில் திரைக்கு முன்னால் போய் இருப்பதற்குக் காரணம் இருந்தது. அந்தத் திரைக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள்.

நாங்கள் விட்ட பிழை எனக்கு அங்கேதான் விளங்கியது. எங்கள் முதியவர்களின் கையில் கருவியைக் கொடுத்தோம். அதனால் அவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றைக் கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்து காட்டவும் இல்லை.

இந்த நேரத்தில்தான் மலர்க்குழுவினர் சில பழைய படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். வலைப்பந்துக் குழு, நாடகம், பரிசளிப்பு விழா. படத்தில் நிற்பவர்கள் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான் அவற்றை ஆசிரியையிடம் கொண்டுபோனேன். “முகம் வடிவாத் தெரியேல்லை பிள்ளை” என்றார். இரண்டு விரலால் விரித்தால் பெரிதாகும் என்று காட்டினேன். அவரே விரித்தார். ஒவ்வொரு பெயராக வந்தது. பெயரோடு அந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் பிழை விட்டது என்பதும் வந்தது! அலுமாரி திறந்தது. ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பிடித்தபடி பேச வேண்டும் என்பதை மூன்று நாளில் பழகிக்கொண்டார். நான்காம் நாள் காலை எங்கள் குழுவில் அவருடைய பதினான்கு குரல் பதிவுகள் இருந்தன. மெல்பேர்ணிலிருந்து ஒரு தோழி பதில் போட்டாள்: “ரீச்சர், நாற்பது வருசத்துக்குப் பிறகு உங்கட குரலைக் கேக்கிறன்.” வெளிவரவிருக்கும் மலரில் படங்களின் கீழே உள்ள பெயர்களில் பல அவர் சொன்னவை.

வங்கி அலுவலுக்கு அவர் இன்னும் தொலைபேசியைத் தொடுவதில்லை. புத்தகத்தோடு நேரில் போகிறார். அது அவருடைய விருப்பம்; அந்தக் கதவும் திறந்தே இருக்க வேண்டும். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் குறியீடு வந்தபோது, பலர் அதைக் கடதாசியில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனதை நினைத்துப் பாருங்கள். தொலைபேசி இல்லாதவரும் வரிசையில் நிற்க முடிந்தது. எந்தச் சேவையிலும் அப்படியொரு கடதாசி வழி இருக்கிறதா என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசியாக மூன்று வேண்டுகோள்கள்.

வெளிநாட்டில் இருக்கும் தோழிகளே, அடுத்த முறை வரும்போது புதிய தொலைபேசி வேண்டாம். ஒரு கொப்பி வாங்கி, அம்மா தன் கையால் செய்ய வேண்டியவற்றைப் பெரிய எழுத்தில், தமிழில், ஒன்று இரண்டு என்று எழுதி வையுங்கள். அழைக்கும்போது ஒவ்வொரு கிழமையும் ஒன்றைச் செய்ய விடுங்கள். ஆறு இலக்கம் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

இங்கே படிக்கும் தங்கைமாரே, மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கணினி அறையில் முதியவர்களோடு இருங்கள். ஒரு விதி மட்டும்: அவர்களுடைய தொலைபேசியை உங்கள் கையில் வாங்காதீர்கள். விரலால் காட்டுங்கள், அழுத்துவது அவர்களாக இருக்கட்டும். நேரம் செல்லும். உங்களுக்கு அகரம் எழுதப் பழக்கியவர்களுக்கும் நேரம் சென்றது.

சங்கத்தாரே, சந்தேகமான அழைப்பு வந்தால் வெட்கப்படாமல் கேட்பதற்கு ஒரு தொலைபேசி இலக்கம் வையுங்கள். முதல் ஆறு மாதம் அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பை நான் ஏற்கிறேன். காசு போனபின் வந்தாலும் ஏசமாட்டேன்.

படப் பெட்டியில் இன்னும் பெயர் தெரியாத முகங்கள் நிறைய இருக்கின்றன. அவர்களைத் தெரிந்தவர்கள் எங்கள் ஒழுங்கைகளிலேயே இருக்கிறார்கள். இன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஒருவரின் படலையைத் தட்டுங்கள்.