நாகசாகியில் ரிமோட் வேலை: அறைக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு பாலம்

"ஜப்பான்ல இருந்து ரிமோட்டா வேலை பார்க்க முடியுமா? டோக்கியோ வேண்டாம், கடலோரமா அமைதியான ஊரா இருந்தா போதும்." சமீபத்தில் எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். நான் வேலை பார்க்கும் கம்பெனி டோக்கியோவில் இருக்கு, நான் இருக்கிறது நாகசாகியில். அதனால இந்த எபிசோடில் இந்த ஊரைப் பற்றியும், இங்கே உட்கார்ந்து கோட் எழுதுவதைப் பற்றியும் பேசலாம்.

முதலில் விசா. அதைச் சொல்லாம கடலையும் மலையையும் வர்ணிச்சா நியாயம் இல்லை. ஜப்பான் 2024 மார்ச் கடைசியில் டிஜிட்டல் நோமட் விசா ஒன்றைத் தொடங்கியது. ஆண்டு வருமானம் குறைந்தது ஒரு கோடி யென் இருக்கணும், மருத்துவக் காப்பீடு இருக்கணும், அதிகபட்சம் ஆறு மாசம்தான். இதையெல்லாம் சமாளிச்சாலும் இந்திய பாஸ்போர்ட் அந்த விசாவுக்கான நாடுகள் பட்டியலில் இல்லை. டூரிஸ்ட் விசாவில் வந்து லேப்டாப் திறக்கலாமான்னு கேட்டா, அந்த விசா அதுக்கானது இல்லை. நமக்கு நேரான வழி, ஜப்பானிய நிறுவனத்தில் வேலை வாங்கி, பொறியாளர்களுக்கான வேலை விசாவில் வருவது. டிகிரி இதுக்குப் பெரிய உதவி. அந்த நிறுவனம் ரிமோட் வேலைக்குச் சம்மதிச்சா, டோக்கியோவில்தான் வீடு எடுக்கணும்னு கட்டாயம் இல்லை. வேறு ஊருக்கு வீடு மாறினால் 14 நாளுக்குள் அந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்யணும். குடியிருப்பு அட்டையின் பின்பக்கத்தில் புது முகவரியை எழுதித் தருவாங்க.

சரி, நாகசாகி எப்படிப்பட்ட ஊர்? கியூஷூ தீவின் மேற்குக் கோடி. உள்ளே நீளமா நுழையும் ஒரு குறுகலான விரிகுடா, அதன் இரண்டு பக்கமும் மலை. சமதரை கொஞ்சம்தான், அதனால வீடுகள் படிப்படியா மலை மேல ஏறிப் போயிருக்கும். நிறைய வீடுகளுக்கு ரோடு கிடையாது, படிக்கட்டுதான் தெரு. ஜப்பானின் மற்ற ஊர்களில் எங்கே பார்த்தாலும் சைக்கிள் இருக்கும், இங்கே அபூர்வம். ஏன்னு முதல் வாரமே முழங்கால் சொல்லிடும். கீழே சமதரையில் 1915லிருந்து டிராம் ஓடுது. எத்தனை ஸ்டாப் போனாலும் ஒரே கட்டணம்.

புல்லட் ரயிலும் இருக்கு. ஆனா அதுல ஒரு வேடிக்கை. 2022 செப்டம்பர் 23 அன்று திறந்த நிஷி கியூஷூ ஷின்கான்சென் நாகசாகியில் கிளம்பி, 66 கிலோமீட்டரில் தகெயோ ஒன்சென் என்ற ஸ்டேஷனில் முடிஞ்சிடும். மற்ற ஷின்கான்சென் பாதைகளோடு அதுக்கு இணைப்பு இல்லை. அங்கே எதிர் பிளாட்பாரத்தில் நிற்கும் சாதாரண எக்ஸ்பிரஸுக்கு மாறித்தான் ஃபுகுவோகா போகணும். துண்டிக்கப்பட்ட ஒரு தீவு மாதிரி ஒரு ரயில் பாதை. இந்த ஊருக்கு அது புதுசு இல்லை, ஏன்னா நாகசாகியின் சரித்திரமே ஒரு தீவில்தான் இருக்கு.

அந்தத் தீவின் பெயர் டெஜிமா. 1571இல் நாகசாகி துறைமுகம் போர்ச்சுகீசிய வணிகத்துக்குத் திறந்தது. வணிகத்தோடு கிறிஸ்தவமும் வந்தது. ஆட்சியாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1614இல் நாடு முழுக்கக் கிறிஸ்தவத்தைத் தடை செய்தார்கள். வெளிநாட்டவர் ஊர் மக்களோடு கலக்கக் கூடாது என்பதற்காக, 1636இல் கடலுக்குள் விசிறி வடிவத்தில் ஒரு செயற்கைத் தீவைக் கட்டினார்கள். மொத்தம் சுமார் 15,000 சதுர மீட்டர், நாலு ஏக்கருக்கும் குறைவு. 1639இல் போர்ச்சுகீசியரை வெளியேற்றினார்கள். 1641இல் ஹிராடோவில் இருந்த டச்சுக்காரர்களை இங்கே மாற்றினார்கள். அதற்குப் பிறகு 200 வருஷத்துக்கும் மேல், ஜப்பானில் ஐரோப்பியர் வாழ அனுமதி இருந்த ஒரே இடம் இந்த நாலு ஏக்கர்தான்.

அங்கே வாழ்க்கை எப்படி இருந்தது தெரியுமா? ஊரோடு இணைக்க ஒரே ஒரு பாலம், பாலத்தில் காவல். அனுமதி இல்லாமல் வெளியே போகக் கூடாது. கோடையில் படேவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, கப்பல் வரும். சரக்கை இறக்கி ஏற்றிக்கொண்டு, காற்று திரும்பியதும் கிளம்பிப் போகும். மிச்ச மாசமெல்லாம் ஒரு டஜன் பேருக்கு முன்னப்பின்ன அந்தத் தீவில் கணக்கு எழுதிக்கொண்டு காத்திருப்பார்கள். தலைமை வணிகர் ஷோகுனைப் பார்க்க எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, யாத்திரை போகணும். முதலில் வருஷா வருஷம், 1790க்குப் பிறகு நாலு வருஷத்துக்கு ஒரு முறை. ஹெட் ஆபீஸ் விசிட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் கேட்கும்போது உங்களுக்கு ஏதாவது தோணுதா? எனக்குத் தோணுச்சு. உடம்பு ஜப்பானில், வேலையும் பேச்சும் காத்திருப்பும் வேறு எங்கேயோ. இதுதான் ரிமோட் வேலையின் ஆபத்து. காலையில் லேப்டாப், ஸ்லாக், ஸ்டாண்ட்அப். மதியம் கன்வீனியன்ஸ் ஸ்டோர் சாப்பாடு. ராத்திரி ஊரில் இருக்கும் நண்பர்களோடு கால். சென்னையை விட மூன்றரை மணி நேரம் முன்னாடி இருக்கோம், அதனால அவங்க வேலை முடிச்சுப் பேச வரும்போது நமக்குத் தூக்கம் வர்ற நேரம். ஒரு மாசம் இப்படி ஓடினா நீங்க நாகசாகியில் வாழலை. டெஜிமாவில் வாழுறீங்க. அந்தக் காலத்து ஆளுக்குப் பாலத்தில் காவல்காரன் நின்னான். நமக்கு யாரும் இல்லை. கதவு திறந்துதான் இருக்கு, நாமதான் போறதில்லை.

இன்னொரு விஷயம், இது எஞ்சினியர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஜப்பானை வெளி உலகத்தோடு இணைத்த முதல் கடலடித் தந்தி கேபிள்கள் 1871இல் வந்து கரையேறியது இந்த நாகசாகியில்தான். ஒன்று ஷாங்காய்க்கு, இன்னொன்று விளாடிவோஸ்டாக்குக்கு. போட்டது டென்மார்க் நிறுவனம். கப்பல் கொண்டுவந்த செய்தி இனி கம்பியில் வரும். தூரத்தில் இருந்துகொண்டே வேலை நடத்துவது இந்த ஊருக்கு 150 வருஷப் பழக்கம்.

ஆனா கப்பலோ கேபிளோ மட்டும் போதவில்லை, நடுவில் ஆட்கள் தேவைப்பட்டார்கள். டெஜிமாவில் மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். நாகசாகிக்காரர்கள், தலைமுறை தலைமுறையாக அதே வேலையைச் செய்த குடும்பங்கள். வருஷா வருஷம் கப்பல் கொண்டுவரும் உலகச் செய்திகளை மொழிபெயர்த்து ஷோகுன் அரசுக்கு அறிக்கையாக அனுப்புவார்கள். 1853இல் அமெரிக்காவின் பெரி கப்பல்களோடு வந்து நின்றபோது ஜப்பானே அதிர்ந்தது என்பார்கள். அவர் வரப்போகிறார் என்ற தகவலை டச்சுக்காரர்கள் 1852லேயே சொல்லிவிட்டார்கள். 1823இல் டெஜிமாவுக்கு மருத்துவராக வந்த சீபோல்ட் என்பவருக்கு வெளியே போக அனுமதி கிடைத்தது. அடுத்த வருஷமே நருதாக்கி என்ற இடத்தில் பள்ளி வைத்து ஜப்பானிய மாணவர்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். அவரும் அவங்ககிட்ட இருந்து செடி, மரம், வழக்கம் எல்லாம் கற்றுக்கொண்டார். கடைசியில் தடை செய்யப்பட்ட வரைபடங்களை வைத்திருந்ததற்காக 1829இல் நாட்டை விட்டே அனுப்பினார்கள். அது தனிக் கதை. இப்போதைக்கு நமக்குத் தேவையானது இவ்வளவுதான்: அந்தத் தீவிலிருந்து ஏதாவது விளைஞ்சதுன்னா, பாலத்தைத் தாண்டினவங்களால விளைஞ்சது.

இன்றைக்கு அந்தப் பாலம் எது? பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஜப்பானில் குடியிருப்போர் சங்கம் இருக்கும், ஜிச்சிகாய் என்பார்கள். அதில் கைரான்பான் என்று ஒரு வழக்கம். அறிவிப்புகளை ஒரு கிளிப் பலகையில் மாட்டி வீடு வீடாகக் கைமாற்றுவார்கள். நீங்க படிச்சு, கையெழுத்துப் போட்டு, அடுத்த வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுக்கணும். வாட்ஸ்அப் குரூப் வெச்சா முடிஞ்சுதேன்னு நானும் நினைச்சேன். ஆனா எங்க படிக்கட்டுத் தெருவில் பாதிப் பேர் வயசானவங்க. பலகையோட வர்ற ஆள் கதவைத் தட்டுறார், உள்ளே இருக்கிறவர் பதில் சொல்றார். செய்தியை விட அந்த பதில்தான் முக்கியம்னு பிறகுதான் புரிஞ்சுது.

இதுல ரிமோட் வேலைக்காரனுக்கு ஒரு தகுதி இருக்கு. பகல்ல வீட்டில் இருக்கிற ஒரே இளவட்டம் நாமதான்! மத்தவங்க எல்லாம் வேலைக்குக் கீழே இறங்கிப் போயிடுவாங்க. மூணு மணிக்கு டீ குடிக்க எழுந்திருக்கும்போது பலகையை எடுத்துக்கிட்டு முப்பது படி ஏறினா, என் ஜப்பானிய மொழி வகுப்பும் அங்கேயே முடிஞ்சிடும். "நேத்து குப்பைக்கூட வலையைக் காக்கா இழுத்துருச்சு"ன்னு சொல்ற ஜப்பானிய வாக்கியத்தை எந்த ஆப்பும் எனக்குச் சொல்லித் தரலை.

நாகசாகியின் மக்கள்தொகை சுமார் நாலு லட்சம், அது குறைஞ்சுக்கிட்டே வருது. இளைஞர்கள் ஃபுகுவோகாவுக்கும் டோக்கியோவுக்கும் போயிடறாங்க. வயசானவங்க படி ஏற முடியாம சமதரைக்கு இறங்கறாங்க. மலைமேல் வீடுகள் பூட்டிக் கிடக்கு. ஜப்பானில் குடியிருப்பு வரி என்று ஒன்று உண்டு. கம்பெனி எங்கே இருக்குன்னு அதுக்குக் கணக்கு இல்லை. ஜனவரி 1ஆம் தேதி உங்க முகவரி எந்த ஊரில் இருக்கோ அந்த ஊருக்குத்தான் போகும். டோக்கியோ சம்பளத்தின் ஒரு பங்கு இந்தப் படிக்கட்டின் கைப்பிடிக்கும் தெருவிளக்குக்கும் வருது. ஆறு மாச நோமட் விசாவில் வர்றவங்களுக்குக் குடியிருப்பு அட்டையே கிடையாது. இந்த ஊருக்குத் தேவை வந்து போகும் விருந்தாளியா, வாழ வர்ற ஆளான்னு யோசிச்சா, எனக்கு பதில் சந்தேகமில்லாமத் தெரியுது.

இன்னொன்றைச் சொல்லாமல் நாகசாகியைப் பற்றிப் பேச முடியாது. 1945 ஆகஸ்ட் 9, காலை 11:02. அணுகுண்டு வெடித்தது வடக்கே உராகமி பகுதியில். அந்த வருஷ முடிவுக்குள் சுமார் 74,000 பேர் இறந்தார்கள். இன்றும் ஒவ்வொரு ஆகஸ்ட் 9ஆம் தேதியும் சரியாக 11:02க்கு ஊர் முழுக்க சைரன் ஒலிக்கும். நடக்கிறவர் நின்றுவிடுவார். ஒரு நிமிஷம் மௌனம்.

எங்க டீம் மீட்டிங் தினமும் காலை 11 மணிக்கு. இங்கே வந்த முதல் ஆகஸ்டில், அன்றைக்கு மட்டும் 11:15க்கு மாத்த முடியுமான்னு கேட்டேன். தேதி டோக்கியோவில் எல்லோருக்கும் தெரியும். ஆனா அந்த நிமிஷம் எங்க காலண்டர்ல ஒரு சாதாரண நீலக் கட்டத்துக்குள்ள இருந்தது. உடனே மாத்தினாங்க. அடுத்த வருஷம் நான் கேட்கறதுக்கு முன்னாடியே மாத்தி வெச்சிருந்தாங்க. பாலம் இரண்டு பக்கமும் வேலை செய்யும்னு எனக்குப் புரிஞ்சது அன்றைக்குத்தான்.

நமக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. டச்சு வணிகத்தில் சோழமண்டலக் கரைத் துணிகளுக்குப் பெரிய இடம் இருந்தது. ஜப்பானில் சந்தோமே-ஜிமா என்று ஒரு கோடு போட்ட துணி ரகம் உண்டு. அந்தப் பெயர் வந்தது நம்ம மயிலாப்பூர் பக்கத்து சாந்தோமிலிருந்து. போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொற்களும் அப்படித்தான். ரொட்டிக்கு ஜப்பானியர் பான் என்பார்கள், இலங்கைத் தமிழில் பாண். சட்டைப் பொத்தான் அவங்களுக்கு போதான். தினமும் நான் ஸ்கிரீனில் வரையும் பட்டனுக்கும் அங்கே அதே சொல்தான். முதல் தடவை டிசைன் ஃபைலில் அதைப் படிச்சப்ப, தூரத்துச் சொந்தக்காரரை பஸ் ஸ்டாண்டில் பார்த்த மாதிரி இருந்தது.

வர நினைக்கிறவங்களுக்கு மூணு விஷயம். ஒண்ணு, வேலை ஒப்பந்தத்தில் ரிமோட் என்பதை எழுத்தில் வாங்குங்க. வாய்ப்பேச்சை நம்பி வீடு மாறாதீங்க. ரெண்டு, வீடு பார்க்கும்போது வாடகையோட படிகளையும் எண்ணுங்க. மலைமேல் வீடு மலிவுதான், ஆனா அரிசி மூட்டையைத் தூக்கப் போறது நீங்கதான். மூணு, ஜப்பானிய மொழியை வேலைக்காக மட்டும் கத்துக்காதீங்க. அலுவலகம் ஆங்கிலத்தில் நடந்துடும், பக்கத்து வீடு நடக்காது.

டெஜிமா இப்போது தீவு இல்லை. சுற்றிலும் கடலைத் தூர்த்து நிலமாக்கிவிட்டார்கள், டிராம் பக்கத்திலேயே போகுது. பழைய கட்டடங்களை மறுபடி கட்டியிருக்காங்க. 2017இல் வாசலுக்கு ஒரு புதுப் பாலமும் போட்டாங்க. டிக்கெட் வாங்கினா யார் வேணும்னாலும் நடந்து உள்ளே போய், நடந்தே வெளியே வரலாம். இங்கே வந்தால் அவசியம் பாருங்க. பார்த்துட்டு உங்க அறைக்குப் போய் அதே கேள்வியைக் கேளுங்க. கடைசியா எப்ப இங்கிருந்து வெளியே நடந்தோம்?

அடுத்த எபிசோடில் ஜப்பானிய நிறுவனங்களின் நேர்காணல் முறையைப் பற்றிப் பேசலாம். கேள்விகள் இருந்தால் எழுதுங்க.